புதுப்பிப்பு: வாய்க்காலில் மோட்டார் போட்ட விவகாரம்

போன மாதம் எழுதியிருந்தேன், ஞாபகம் இருக்கும். திருநெல்வேலிப் பக்கம் தாமிரபரணியிலிருந்து பிரியும் பாளையங்கால் வாய்க்காலில் எங்களுக்கு மேல்மடைக்காரர் மோட்டார் வைத்து வாழைக்கு இழுக்கிறார், கடைமடைக்குத் தண்ணீர் எட்டவில்லை, சட்டப்படி யாருக்கு உரிமை என்று கேட்டிருந்தேன். நிறையப் பேர், வழி, தண்ணீர் போன்ற நில உரிமைகளைச் சொல்லும் 1882 வசதியுரிமைச் சட்டத்தைப் (Easements Act) பாருங்கள் என்றீர்கள். பார்த்தேன். ஓடைக்கரைக்காரர் குடிக்க, மாட்டுக்கு, பயிருக்கு எடுக்கலாம், ஆனால் கீழே இருப்பவருக்குப் பெரிய பாதகம் வரக்கூடாது என்று 7-ஆம் பிரிவின் விளக்கங்கள் சொல்வது நமக்குச் சாதகம்தான். சிக்கல் என்னவென்றால் அது இயற்கை ஓடைக்கு. பாளையங்கால் பழவூர் அணைக்கட்டிலிருந்து வெட்டிவிட்ட கால். அரசு செலவில் வெட்டிய பாசனக் காலிலும் சரி, ஆற்றிலும் சரி, தண்ணீரை ஒழுங்குபடுத்தும் அரசின் உரிமையை இந்தச் சட்டம் தொடாது என்று 2-ஆம் பிரிவிலேயே போட்டுவிட்டார்கள். இதை யாருமே சொல்லவில்லை, அண்ணாச்சிமாரே!

அதனால் வக்கீல் நோட்டீஸ் யோசனையைக் கைவிட்டுவிட்டு, விவசாயிகள் பாசன முறை மேலாண்மைச் சட்டம் 2000-ஐக் கையில் எடுத்தோம். அதன்படி நீரைப் பயன்படுத்துவோர் சங்கம்தான் பங்கீட்டைப் பார்க்க வேண்டும். எங்கள் சங்கம் பேருக்குத்தான் இருக்கிறது, அது வேறு கதை. கடைமடைக்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு, மோட்டார் படுத்திருக்கும் படித்துறை, வரப்போரம் போகும் நீலக் குழாய் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து மனுவோடு சேர்த்துக் கொடுத்தோம். ஆள் வந்து பார்த்தார்கள், இப்போது பகலில் மோட்டார் ஓடுவதில்லை. ராத்திரி ஓடுகிறது.

சரி, பிசான நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறப்பதற்குள் முறைப்பாசனம், அதாவது யாருக்கு எப்போது தண்ணீர் என்ற முறை, எழுத்தில் வேண்டும் என்று அடுத்த மனு தயார். வேறு காலில் யாராவது அப்படி வாங்கியிருந்தால் நகல் அனுப்புங்கள்.