மறு: கேம் மாஸ்டருக்குத் தமிழ்ச் சொல்: 'ஆட்ட நெறியாளர்' என்று வைக்கலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலில் 'ரோல்-பிளேயிங் கேம்', அதாவது ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடும் கதை ஆட்டம், 'பாத்திரமேற்பு ஆட்டம்' ஆவதில் யாருக்கும் மறுப்பு இல்லை, அதை அப்படியே வைத்துக்கொள்வோம். அந்த ஆட்டத்தை நடத்துபவரை, அதாவது கேம் மாஸ்டரை, என்னவென்று அழைப்பது என்பதில்தான் இழுபறி. வந்த பரிந்துரைகளைப் பற்றி என் கருத்து:

> 'ஆட்ட நடுவர்' போதும். தீர்ப்பு சொல்வதுதானே அவர் வேலை?

வரலாறு உங்கள் பக்கம்தான். 1824இல் பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் வெளியிட்ட போர் ஆட்டத்திலேயே நடுவர் உண்டு. 1974இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பாத்திரமேற்பு ஆட்டம் வந்தபோது அதை உருவாக்கிய கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் விதிகளில் 'ரெஃப்ரி' என்றே எழுதினார்கள். 'டன்ஜன் மாஸ்டர்' பிறகு வந்த பெயர். ஆனால் நடுவர் எப்படித் தீர்ப்பு சொல்வது என்பதில் பிரஷ்யர்களுக்குள்ளேயே பிளவு வந்துவிட்டது. பகடையும் அட்டவணையும் சொல்வதுதான் முடிவு என்பது பழைய முறை. 1876இல் ஃபெர்டி து வெர்னுவா என்ற படை அதிகாரி அட்டவணைகளை ஒதுக்கிவிட்டு, அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பே போதும் என்றார். இன்றைக்கும் ஒவ்வொரு ஆட்ட மேசையிலும் இந்த இரண்டு கட்சியும் இருக்கின்றன. அதோடு, தீர்ப்பு சொல்வது அவர் வேலையில் ஒரு பங்குதான். ஊரை உண்டாக்குவதும், அதில் வாழும் அத்தனை பேராகவும் பேசுவதும் அவர்தான். நடுவர் என்ற சொல்லுக்குள் அதெல்லாம் அடங்கவில்லை.

> 'கதைசொல்லி' அழகாக இருக்கிறது.

அழகுதான். 1991இல் வந்த வேம்பயர் ஆட்டம் நடத்துபவருக்கு இதே பொருளில் பெயர் வைத்தது. 1981இன் கால் ஆஃப் கதூலு 'கீப்பர்' என்றது, அதாவது மர்மத்தைக் காப்பவர். ஒவ்வொரு ஆட்டமும் தனக்கு வேண்டிய பாணியைப் பெயரிலேயே சொல்லிவிட்டது. ஓர் ஆட்டத்துக்கு அது பொருந்தும். நாம் தேடுவது எல்லா ஆட்டங்களுக்கும் பொதுவான சொல், அது யாரையும் ஒரு பாணிக்குள் தள்ளக் கூடாது. கதைசொல்லி சொல்வார், மற்றவர்கள் கேட்பார்கள் என்பதுதான் நம் பழக்கம். இங்கே கதையில் பாதி ஆட்டக்காரர்களுடையது.

> 'ஆட்டுவிப்பவர்': வேர் ஒன்றாகவே இருக்கிறது.

கேட்டதும் எனக்கும் பிடித்தது. ஆனால் 'ஆட்டுவித்தால் ஆரொருவர் ஆடாதாரே' என்ற அப்பர் வாக்கு உடனே காதில் விழுகிறது. அங்கே ஆடுபவருக்குத் தன் விருப்பம் என்று ஒன்று கிடையாது. நம் மேசையில் அதுதான் பெரிய குற்றம்.

எடுத்துக்காட்டாக, ஒரு கோட்டை, அதில் பூட்டிய கதவு. சாவி காவலனிடம் இருப்பதாக நடத்துபவர் குறித்து வைத்திருக்கிறார். ஆட்டக்காரர் ஒருவர், "விளக்கில் இருக்கிற எண்ணெயை ஊற்றிக் கதவைக் கொளுத்துகிறேன்" என்கிறார். நடத்துபவர்களில் ஒருவர் விதிப்புத்தகத்தைப் புரட்டி, மரக் கதவின் வலுவைப் பார்த்து, இருபது முகப் பகடையை எல்லார் கண்முன்னும் உருட்டச் சொல்வார். இன்னொருவர் பகடையைத் தொடாமல், "எரியும். ஆனால் புகை மேல்மாடி வரை போகும், பரவாயில்லையா?" என்று கேட்பார். மூன்றாமவர் கதவுக்கு அந்தப் பக்கம் இருமும் காவலனாகவே மாறி, "யாருடா அது?" என்று கத்துவார். இவை மூன்றும் பாணிகள். நான்காமவர், "கதவு ஈரமாக இருக்கிறது, எரியாது" என்பார். சாவி காவலனிடமிருந்துதான் வர வேண்டும் என்று முன்பே முடிவு செய்துவிட்டார் அவர். அவர்தான் ஆட்டுவிப்பவர். அந்தக் குறையை எல்லாருக்கும் பொதுப் பெயராக வைக்கலாமா?

என் பரிந்துரை 'ஆட்ட நெறியாளர்'. தொலைக்காட்சி விவாதத்தில் நெறியாளர் என்ன செய்கிறார்? பேச வாய்ப்பு தருகிறார், கேள்வி போடுகிறார், எல்லை மீறினால் நிறுத்துகிறார், தேங்கினால் நகர்த்துகிறார். என்ன பேசுவது என்பது பேசுபவர் கையில். இலங்கையில் நாடக இயக்கத்தை 'நெறியாள்கை' என்பார்கள், எனவே அங்கே இயக்குநர் என்ற வாடை கொஞ்சம் அடிக்கும். பாத்திரங்களுக்குக் குரலும் உருவமும் தரும் வேலை இங்கேயும் இருப்பதால் அது எனக்கு உறுத்தவில்லை.

அடுத்து, ஒருவர் ஆட்டம் நடத்தும் 'ஸ்டைல்' என்பதற்கான சொல். நடை வேண்டாம், அது எழுத்துக்குப் போய்விட்டது. 'பாணி' சரியாக இருக்கும். பரதத்தில் பந்தநல்லூர் பாணி, வழுவூர் பாணி என்று குருவழி வருவது போல, இங்கேயும் பலர் யாரையாவது பார்த்துத்தான் தொடங்குகிறார்கள். 2015இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுவதையே இணையத்தில் காட்டும் கிரிட்டிக்கல் ரோல் ஒளிபரப்பு தொடங்கிய பிறகு, அதில் ஆட்டத்தை நடத்திய மேத்யூ மெர்சர் போலக் குரல் மாற்றிப் பேசத் தெரியாவிட்டால் ஆட்டமே நடத்த முடியாது என்று நினைக்கும் புதியவர்கள் நிறைய. அவர் தொழில்முறைக் குரல் நடிகர். எனக்குக் குரல் மாற்ற வராது. காவலன் எதற்குப் பயப்படுகிறான், என்ன கேட்டால் வழிவிடுவான் என்று ஒரு அட்டையில் எழுதிக்கொண்டு என் குரலிலேயே பேசுகிறேன். ஆட்டம் நன்றாகவே நடக்கிறது. அதனால் பொதுவான முறைக்குப் 'பாணி', ஒருவர் தனக்கென்று கண்டுகொள்வதற்குத் 'தன்பாணி' என்று இரண்டையும் பட்டியலில் சேர்க்கக் கேட்கிறேன்.

மேசையில் 'ஆட்ட' உதிர்ந்து 'நெறியாளர்' மட்டும் நிற்கும், அது நல்லதுதான். அவர் பேசும் மற்ற பாத்திரங்களை 'நெறியாளர் பாத்திரம்' எனலாம். பகடையை மறைக்க அவர் முன் நிறுத்தும் அட்டைக்கு இன்னும் சொல் இல்லை. 'தடுப்பு', 'மறைப்பு' இரண்டில் எது என்று ஆட்டம் நடத்துபவர்கள் சொல்லுங்கள். 'நெறியாள்கை' குறித்து யாழ்ப்பாண, மட்டக்களப்பு நண்பர்களின் கருத்தும் வேண்டும்.