தரைவீட்டில் புல் டெரியர்: ஆறு வயதுப் பையன், எழுபது வயது அம்மா. சரிப்படுமா?

புதுவீட்டுக்காரன்
பதினைந்து வருடம் சிங்கப்பூர் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இருந்துவிட்டுப் போன மாதம்தான் செராங்கூன் கார்டன்ஸ் பக்கம் தரைவீட்டுக்கு வந்தோம். இப்போது ஒரு வெள்ளை புல் டெரியர் நாய்க்குட்டி மேல் கண். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். வீட்டில் ஆறு வயது மகன், எழுபது வயது அம்மா, ஓர் இல்லப் பணிப்பெண். “புல் டெரியர்” என்றதும் அம்மா, “புல்லா தின்னும்? அப்போ செலவு குறைச்சல்தான்” என்றார். வளர்த்தவர்கள் சொல்லுங்கள்: கடிக்குமா, கடிக்காதா?

முக்கோணக்கண்
ஒன்பது வருடமாக என்னோடு ஒன்று இருக்கிறது. ஆட்களைக் கண்டால் அதற்குக் கொண்டாட்டம். 1860களில் பர்மிங்ஹாமில் ஜேம்ஸ் ஹிங்க்ஸ் என்பவர் புல்டாக் கலப்பு நாய்களையும் வெள்ளை இங்லிஷ் டெரியரையும் கலந்து உருவாக்கிய இனம் இது. முட்டை மாதிரி முகம், முக்கோணக் கண், முப்பது கிலோ எடையில் மூன்று வயதுப் பிள்ளையின் புத்தி. கூப்பிட்டால் வராது, யோசித்துவிட்டு வரும். தாடை பூட்டிக்கொள்ளும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், எந்த நாய்க்கும் அப்படிப் பூட்டு கிடையாது. மற்ற நாய்களோடும் பூனைகளோடும்தான் கவனம் வேண்டும். பையனுக்கு நல்ல தோழன். வாங்குங்கள்.

பிடோக் மாமா
இது பிட்புல் தானே? சிங்கப்பூரில் தடை என்று கேள்விப்பட்டேனே.

ஈசூன் அக்கா
இல்லை மாமா, இரண்டும் வேறு. இங்கே இரண்டு பட்டியல். பிட்புல், அமெரிக்கன் ஸ்டாஃபர்ட்ஷயர், ஸ்டாஃபர்ட்ஷயர் புல் டெரியர் எல்லாம் முதல் பட்டியல், வெளிநாட்டிலிருந்து கொண்டுவரவே முடியாது. புல் டெரியர் இரண்டாவது பட்டியலில், ராட்வைலர், டாபர்மேனோடு. வளர்க்கலாம், ஆனால் வாசலைத் தாண்டினால் வாரும் வாய்க்கூடும் கட்டாயம். 100,000 வெள்ளிக்குக் காப்புறுதியும் எடுக்க வேண்டும். மற்ற நிபந்தனைகளை உரிமம் எடுக்கும் முன் ஏவிஎஸ் (விலங்கு, கால்நடை மருத்துவச் சேவை) இணையப் பக்கத்தில் வரிக்கு வரி படியுங்கள்.

விலங்கு மருந்தகத்தில் பதினோரு வருடம் தாதியாக இருந்தவள் நான். புதுவீட்டுக்காரரே, கடிக்குமா என்பதை அப்புறம் பார்ப்போம். சாயங்காலம் ஆறு மணிக்கு வாரைப் பிடிக்கப்போவது யார்?

முக்கோணக்கண்
பட்டியலை வைத்துப் பயமுறுத்தாதீர்கள் அக்கா. பிரிட்டனில் 1991 சட்டம் பிட்புல்லைத் தடை செய்தது, ஸ்டாஃபர்ட்ஷயர் புல் டெரியரை விட்டுவிட்டது. அங்கே அது குடும்ப நாய், இங்கே உள்ளே வரவே முடியாது. நாய் மாறவில்லை, தாள்தான் மாறியது.

ஈசூன் அக்கா
தாளைப் பற்றி உங்களோடு சண்டையில்லை. வேலை பார்த்த இடத்தில் ஒரு குடும்பம் வருவார்கள், புல் டெரியர் வைத்திருந்தவர்கள். முதலாளி வெளியூர் போனால் பணிப்பெண்தான் நடத்திப் போவார். அவருக்கு நாற்பத்தைந்து கிலோ இருந்தால் அதிகம். ஒருநாள் வேலிக்குள் பூனையைப் பார்த்து நாய் பாய்ந்தது, அவர் கால்வாய் விளிம்பில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. நாய் யாரையும் கடிக்கவில்லை, வாய்க்கூடும் போட்டிருந்தது. திட்டு வாங்கியது யார் தெரியுமா? “ஏன் கெட்டியாகப் பிடிக்கவில்லை” என்று அந்தப் பெண்தான்.

முக்கோணக்கண்
அது நாயின் குற்றமா?

ஈசூன் அக்கா
இல்லை. அதைத்தானே நானும் சொல்கிறேன்.

புதுவீட்டுக்காரன்
நாங்கள் இருவரும் வீடு வர ஏழரை ஆகும். அந்த வேலை பணிப்பெண்ணுக்குத்தான் போகும் என்று நினைத்திருந்தேன். சரி, உடம்பு விஷயம்? வெள்ளைக் குட்டிதான் வேண்டும் என்கிறான் மகன்.

ஈசூன் அக்கா
வெள்ளை புல் டெரியர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்கு ஒரு காதோ இரண்டு காதுமோ கேட்காது. குட்டியிலேயே மூளை அலையை வைத்துக் காதைச் சோதிக்கலாம். அந்தச் சான்று இல்லாமல் வாங்காதீர்கள். காது கேட்காத நாய் தூங்கும்போது ஆறு வயதுப் பையன் மேலே விழுந்தால் அது திடுக்கிட்டுத்தான் எழும், அந்த நேரத்தில் அதற்குக் குணமும் தெரியாது, இனமும் தெரியாது. சிறுநீரக நோயும் இதயக் கோளாறும் பரம்பரையில் வரும், அதனால் தாய் தகப்பன் இரண்டின் சிறுநீர்ப் பரிசோதனையைக் கேளுங்கள். மூக்கும் வயிறும் இளஞ்சிவப்பாக இருப்பதால் நம் வெயிலில் வெந்துபோகும். தோல் ஒவ்வாமை வேறு.

முக்கோணக்கண்
இதில் நான் அக்கா கட்சி. என் நாய்க்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும், கேட்காத மாதிரி நடிக்கும், அது தனிக் கதை. ஆனால் நான்காவது வயதில் வாலைத் துரத்திச் சுற்ற ஆரம்பித்தது. நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பார்கள், எனக்கு அதை நிறுத்துவதே பெரும்பாடு. விளையாட்டு என்று வீடியோ எடுத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன், வால் நுனியில் ரத்தம் வந்த பிறகுதான் மருத்துவரிடம் ஓடினேன். இந்த இனத்தில் அது ஒரு மனநோய் போல, தனியாக விட்டால் அதிகமாகும். மருந்து, காலையும் மாலையும் நீண்ட நடை, மூளைக்கு வேலை, மூன்றும் சேர்ந்தபோதுதான் அடங்கியது.

இங்கே நடை என்றால் சூரியன் ஏறுவதற்கு முன், இறங்கிய பின். வாய்க்கூடு வாங்கும்போது கூடை மாதிரி இருப்பதாகப் பாருங்கள், நாக்கை நீட்டி மூச்சு வாங்க இடம் வேண்டும். துணியில் இறுகக் கட்டுவதைப் போட்டு நம் வெக்கையில் நடத்துவது கொடுமை.

ஈசூன் அக்கா
காலையில் நீங்கள் நடத்துகிறீர்கள், சரி. மாலையில்?

முக்கோணக்கண்
நான் ஷிப்ட் வேலை. இல்லாத நாளில் தம்பி வருவான். அவனுக்கு எண்பத்திரண்டு கிலோ.

ஈசூன் அக்கா
பார்த்தீர்களா, புதுவீட்டுக்காரருக்கு உங்கள் தம்பி இல்லை.

பிடோக் மாமா
பாஸ்டன் டெரியர் வாங்கச் சொல்லுங்கள். பெயரிலும் டெரியர், புல்டாக் ரத்தமும் உண்டு, வீவக வீட்டிலேயே அனுமதி.

முக்கோணக்கண்
அதை வாங்கத் தரைவீடு எதற்கு மாமா! சப்பை மூக்கு, இந்த வெக்கையில் அதுவும் இழுத்து இழுத்து மூச்சு விடும்.

ஈசூன் அக்கா
இன்னொன்று. அம்மா சாப்பாட்டு மிச்சம் போடுவாரா? நம் வீட்டில் குழம்பில்லாத சோறு ஏது. வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ரத்தச் சோகையைக் கொண்டுவரும். பாட்டிகளிடம் இதைச் சொல்லி ஜெயித்தவர்களை நான் பார்த்ததில்லை. தீபாவளிக்கு நாற்பது பேர் வந்து போவார்கள், பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடும். அன்று நாய்க்குத் தனி அறை, பூட்டிய கதவு, சாவி உங்கள் சட்டைப்பையில்.

புதுவீட்டுக்காரன்
நேற்று இரவு பணிப்பெண்ணிடம் கேட்டேன். சின்ன வயதில் ஊரில் நாய் கடித்ததாம், இன்னும் பயமாம். இரண்டு வருடமாக வீட்டில் இருக்கிறார், நாய் வாங்கப் போவதாக அவர் முன்னாலேயே எத்தனை தடவை பேசியிருக்கிறோம். யாரும் அவரிடம் கேட்கவில்லை.

குட்டி விற்பவரிடம் காதுச் சான்றும் சிறுநீர்ப் பரிசோதனைத் தாளும் கேட்டு மூன்று நாள் ஆகிறது. செய்தியைப் படித்துவிட்டார், நீல டிக் விழுந்திருக்கிறது.

மனைவி அடுத்த ஆண்டு பாதி நாள் வேலைக்கு மாறலாம் என்கிறாள். அதுவரை குட்டி இல்லை. மகன் என்னோடு பேசுவதில்லை.

ஈசூன் அக்கா
பேசுவான். இடையில் வளர்ந்த நாய் ஏதாவது வீடு தேடினால் சொல்கிறேன். காதும் குணமும் அதில் ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

முக்கோணக்கண்
அதற்குள் வாங்கும் ஆசையை விட்டுவிடாதீர்கள். சனிக்கிழமை காலை ஆறரைக்கு என் வீட்டுப் பக்கம் வாருங்கள், பையனையும் கூட்டிக்கொண்டு. வாரை நீங்களே ஒரு மணி நேரம் பிடித்துப் பாருங்கள். நல்ல செருப்பு போட்டு வர வேண்டாம்.