மறு: அக்யூட் ஹெபடைட்டிஸ் ஈ – ‘கடுமையான’ சரியா?

> அகராதிகளில் அக்யூட் என்றால் ‘கடுமையான’ என்றுதான் இருக்கிறது. நாம் மொழிபெயர்க்கும் நோயாளிக் கையேட்டிலும் அப்படியே விட்டுவிடலாமே.

விட முடியாது ஐயா. அக்யூட் என்பது நோய் சட்டென்று தொடங்குவதைச் சொல்கிறது, அது எவ்வளவு கடுமை என்பதை அல்ல. கடுமையைச் சொல்லும் ‘சிவியர்’ வந்தால் அதற்கு எங்கே போவோம்? வைரஸால் வரும் ஈரல் அழற்சியான இந்த நோயில் இரண்டும் அடுத்தடுத்த வரியில் வருகின்றன.

1955-56இல் டெல்லிக் குடிநீரில் சாக்கடை கலந்து சுமார் 29,000 பேருக்கு இந்த நோயால் மஞ்சள் காமாலை கண்டது. அத்தனையும் அக்யூட்தான். பெரும்பாலோர் தனி மருந்து எதுவும் இல்லாமலே தேறினார்கள். கர்ப்பிணிகளிடையே சாவு அதிகம். கடைசி மூன்று மாதத்தில் தொற்றினால் நூற்றுக்கு 20, 25 பேர்கூட இறக்கலாம். கடுமை என்றால் அதுதான். ரிபாவிரின் என்னும் வைரஸ் எதிர்ப்பு மருந்து கருவைப் பாதிக்கும் என்பதால் அவர்களுக்குக் கொடுப்பதில்லை. மருத்துவமனையில் வைத்துக் கவனிப்பதுதான் வழி. ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் ஓர் இளைஞர் கையேட்டைத் திறந்து ‘கடுமையான’ என்று படித்தால் பயந்துவிடுவார். ஏழாம் மாதக் கர்ப்பிணியோ, எல்லாருக்கும் அதே சொல்தானே என்று இருந்துவிடலாம்.

‘கடிய’ என்று ஒருவர் எழுதியிருந்தார். கடி என்னும் உரிச்சொல்லுக்கு விரைவு, கூர்மை இரண்டும் பொருள்தான், அழகான சொல். ஆனால் இன்று படிப்பவர் காதில் கடுமை என்றே விழும்.

என் வாக்கு ‘திடீர்’.

– – –

> என் வாக்கு ‘திடீர்’.

தொற்றி ஐந்தாறு வாரம் கழித்து வருவது திடீரா? ‘குறுங்கால’ என்றால் என்ன?

– – –

திடீர் என்பது நோய் தலைகாட்டும் விதத்துக்கு, தம்பி, கிருமி புகுந்த நாளுக்கு அல்ல. ‘குறுங்கால’ இங்கே பொருந்தும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏற்கெனவே ஈரல் சுருங்கியவருக்கு இந்தத் தொற்று வந்து ஈரல் கைவிடுகிறதே, அதைக் ‘குறுங்காலச் செயலிழப்பு’ என்றால் கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று ஆகிவிடும். ‘நாட்பட்ட ஈரல் நோய்மேல் திடீர்ச் செயலிழப்பு’ நீளம்தான், ஆனாலும் புரிகிறது.

கிரானிக்குக்கு ‘நாட்பட்ட’ இருக்கட்டும். சிறுநீரகம் மாற்றி, எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரை எடுப்பவர்களிடம் கிருமி மூன்று மாதம் தாண்டியும் ரத்தத்தில் தங்கினால் அந்தப் பெயர். பெரும்பாலும் 3ஆம் மரபுவகை, பன்றி இறைச்சி வழியாக வருவது. நம் பக்கம் தண்ணீரில் பரவும் 1ஆம் வகை அல்ல. முதலில் அந்த மாத்திரையின் அளவைக் குறைத்துப் பார்ப்பார்கள், மூன்றில் ஒருவருக்கு அதிலேயே போய்விடும். மற்றவர்களுக்கு ரிபாவிரின் மூன்று மாதம்.

அப்புறம், ‘கடுமையான’ என்பதைச் சிவியருக்கு மட்டும் வைத்துக் கோப்பைத் திருத்துகிறேன். நோய் மின்னல் வேகத்தில் முற்றுவதைச் சொல்லும் ‘ஃபல்மினன்ட்’ இன்னும் மிச்சம். ‘அதிதீவிர’ வேண்டாம், அது வானிலை அறிக்கைக்காரர்களுடையது.