முதல் யோகா முகாம், எப்படித் தயாராவது?

பட்டர்வொர்த் பெண்: அடுத்த மாதம் பினாங்கில் பத்து ஃபெரிங்கி பக்கம் 5 நாள் யோகா முகாமுக்குப் போகிறேன், முதல் தடவை. விடியற்காலை 5 மணிக்கு எழ வேண்டும், கைப்பேசியை ஒப்படைத்துவிட வேண்டும், கோப்பியும் கிடையாது. உடம்பு தாங்கிவிடும், மனசுக்குத்தான் பயமாக இருக்கிறது. போய் வந்தவர்கள் சொல்லுங்களேன்.

ஜெலுத்தோங் அக்கா: தங்கச்சி, முதலில் கோப்பியைக் குறை. தினமும் 3 கோப்பி ஓ (பால் இல்லாத கோப்பி) குடித்துக்கொண்டிருந்த நான் அப்படியே நிறுத்திவிட்டுப் போய், இரண்டாம் நாள் முழுக்கத் தலைவலியோடு பாயிலேயே கிடந்தேன். கஃபீனை நிறுத்தி 12 முதல் 24 மணி நேரத்துக்குள் அந்த வலி தொடங்கும், சிலருக்கு ஒரு வாரம்கூட இழுக்கும். அதனால் இன்றிலிருந்தே அரைக் குவளையாகக் குறைத்துக்கொண்டு வா. படுக்கும் நேரத்தையும் தினமும் 15 நிமிடம் முன்னால் நகர்த்து.

சுங்கை டுவா அண்ணன்: முழங்கால், இரத்த அழுத்தம் ஏதாவது இருந்தால் ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இது முக்கியம். அப்புறம் வீட்டில் முகாமின் எண்ணைக் கொடுத்துவிட்டுப் போங்கள். எனக்கு அம்மாவின் நினைப்புதான் பெரிய பாரமாக இருந்தது, அவசரத்துக்குக் கூப்பிட முடியும் என்று தெரிந்த பிறகுதான் கண்ணை மூடி உட்காரவே முடிந்தது. மௌன நேரத்தில் அழுகை வந்தால் அடக்காதீர்கள்.

பட்டர்வொர்த் பெண்: நன்றி அக்கா, அண்ணே. சரி, நாளைக் காலையிலிருந்தே அரைக் குவளைதான்.