இனாயத் கான் தர்காவும் மேலைநாட்டுச் சூஃபியரும்: ஒரு கேள்வி

மயூர்விகார் வாசி:
வியாழன் மாலைகளில் நிஜாமுதீன் தர்காவில் கவ்வாலி என்னும் சூஃபி பக்திப் பாடல் கேட்பது, தில்லிக்கு வந்த நாள்முதல் எனக்கு வழக்கம். சென்ற வெள்ளிக்கிழமை நண்பர் ஒருவர், அதே பஸ்தியில் (குடியிருப்பில்) சந்துக்குள் அமைந்த ஹஜ்ரத் இனாயத் கான் தர்காவுக்கு அழைத்துச் சென்றார். நெரிசல் இல்லை, கண்மூடி அமர்ந்திருந்தோரில் பாதிப்பேர் ஐரோப்பியர். அவர்களுள் ஒரு பெண்மணி, தாம் முஸ்லிம் அல்லர், ஆனால் சிஷ்தி என்னும் சூஃபி வழியில் தீட்சை பெற்றவர் என்றார். தரீக்கா என்னும் சூஃபி ஞானவழி இஸ்லாத்துக்கு உட்பட்டதல்லவா?

கரோல்பாக் ராமநாதன்:
இனாயத் கான் 1882இல் பரோடாவில் பிறந்த வீணைக் கலைஞர். அவருடைய தாய்வழிப் பாட்டனார் மௌலா பக்‌ஷ் கர்நாடக இசையும் கற்றவர் என்பது நமக்குத் தனி மகிழ்ச்சி. ஹைதராபாத்தில் சிஷ்தி ஷைகு (ஞானகுரு) ஒருவரிடம் பயின்று, 1910இல் கச்சேரி செய்வதற்காக அமெரிக்கா சென்றவர், இசை கேட்க வந்தவர்களுக்கே ஞானமும் போதிக்கலானார். மதம் மாறும்படி யாரையும் அவர் கேட்கவில்லை. 1921இல் அவர் தொடங்கிய பொது வழிபாட்டில் ஒவ்வொரு மதத்துக்கும் ஒரு மெழுகுவத்தி ஏற்றினார்கள். 1927இல் தில்லியில் காலமானார். அந்தப் பெண்மணி சொன்னதில் பிழையில்லை.

காயல்காரன்:
ராமநாதன் ஐயா சொல்வது வரலாறு. எனினும் ஊரில் இறைத்துதிகளைக் கூட்டாக ஓதும் ராத்திபு மஜ்லிஸில் அமர்ந்து வளர்ந்த எனக்கு, தொழுகையை விட்டுவிட்டுத் இறைநாமம் ஓதும் திக்ரை மட்டும் எடுத்துக்கொள்வது வேரின்றிப் பூவைப் பறிப்பதாகவே தோன்றுகிறது. இதற்கு நேரெதிராக நடந்த ஒன்றும் உண்டு, அதுவும் தமிழில். இலங்கையிலிருந்து 1971இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா சென்ற சூஃபி ஞானி பாவா முஹையத்தீன் தமிழில்தான் பேசினார். சீடர்கள் உடனுக்குடன் ஆங்கிலத்தில் பெயர்த்தார்கள். யூதரும் கிறித்தவரும் அவரைச் சுற்றி அமர்ந்தனர். ஆண்டுகள் செல்லச் செல்ல அதிகாலைத் திக்ரு வந்தது, 1984இல் சீடர்கள் தம் கையாலேயே பள்ளிவாசலும் கட்டி முடித்தார்கள். பள்ளிக்கு வராமல் உபதேசத்தோடு நின்றுகொண்டவர்களையும் அவர் விலக்கவில்லை என்பதை நான் மறைக்கக் கூடாது.

மயூர்விகார் வாசி:
பாவாவைப் பற்றி இன்றுதான் கேள்விப்படுகிறேன். அவருடைய பேச்சைத் தமிழிலேயே கேட்க இயலுமா?

காயல்காரன்:
இயலும். ஒலிப்பதிவுகள் உள்ளன. சில வாக்கியங்களுக்கு ஒருமுறை மொழிபெயர்ப்பாளர் குரல் குறுக்கிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.