ஓட்ஸ் விதையைக் கையால் தூவிய பிறகு எப்படி மூடுவது? (மேல்மலை, 40 சென்ட்)

கவுஞ்சித் தோட்டம்:
எல்லோருக்கும் வணக்கம். கொடைக்கானல் மேல்மலையில் கவுஞ்சிப் பக்கம் தோட்டம். பூண்டு எடுத்த 40 சென்ட் சும்மா கிடக்கிறது. கறவை மாடு இரண்டு, கிடேரி ஒன்று. தை, மாசியில் உறைபனி விழுந்து புல்லெல்லாம் கருகிவிடுகிறது. அப்போது வத்தலக்குண்டில் இருந்து வைக்கோல் ஏற்றி வந்தால் வைக்கோல் விலையோடு வண்டி வாடகையும் சேர்ந்து கட்டுப்படியாவதில்லை. அதனால் தீவனத்துக்கு ஓட்ஸ் போடலாம் என்று இருக்கிறேன்.

விதைப்புக் கருவி கிடையாது, கையால்தான் தூவ வேண்டும். பக்கத்துத் தோட்டத்தில் தூவிவிட்டு அப்படியே விட்டார்கள், திட்டுத்திட்டாகத்தான் முளைத்தது. படிப்படியான நிலம், ஏர் மாடும் இல்லை, பவர் டில்லரும் ஏறாது. எவ்வளவு விதை வேண்டும், எதை வைத்து மூடுவது? வெட்டிக் காய வைத்துச் சேமிக்க முடியுமா? புரட்டாசி பிறந்துவிட்டது, சீக்கிரம் சொல்லுங்கள்.

பச்சைத்தீவனம்:
விதைக் கடையில் தீவன ஓட்ஸ் என்று கேட்டு வாங்குங்கள். கென்ட் என்ற ரகம் பல வருடமாகப் புழக்கத்தில் இருப்பது. மளிகைக் கடை ஓட்ஸை வாங்கிவிடாதீர்கள். அது உமி நீக்கி, ஆவியில் வேகவைத்து, நசுக்கியது. முளைக்காது.

எப்பநாட்டு அக்கா:
தம்பி, நான் ஊட்டிக்கு அந்தப் பக்கம் எப்பநாடு. உருளை எடுத்த இடத்தில் வருஷா வருஷம் ஓட்ஸ் போடுகிறேன். தூவுவதை யாரும் கற்றுக்கொள்ளலாம். மூடுவதில்தான் விளைச்சலே இருக்கிறது.

பக்கத்துத் தோட்டத்தில் என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன். ஓட்ஸ் உமியோடு இருக்கும் விதை, எடை குறைவு. மண்மேல் கிடந்தாலும் நம் மலை மூடுபனி ஈரத்திலேயே முளை விட்டுவிடும். குனிந்து பார்த்தால் மெல்லிய வெள்ளை வேர் உள்ளே இறங்க முடியாமல் மேலேயே சுருண்டு கிடப்பது தெரியும். பதினோரு மணி வெயில் பட்டதும் அது பழுப்பாகிவிடும். மிச்சத்தைப் புறா பொறுக்கும். கனமழை ஒன்று அடித்தால் சரிவில் கிடந்த விதையெல்லாம் வரப்போரம் ஒதுங்கி, அங்கே மட்டும் நாற்றங்கால் மாதிரி அடர்ந்து நிற்கும்.

வரிசையில் போட்டால் ஏக்கருக்கு 40 கிலோவுக்குள் முடியும். கையால் தூவ 40 முதல் 50 கிலோ வேண்டும். உங்கள் 40 சென்டுக்கு 20 கிலோ வாங்குங்கள்.

பூண்டு எடுத்த மண் பொலபொலவென்று இருக்கும், அதில் நேரடியாகத் தூவ வேண்டாம். கால் வைத்தால் கணுக்கால் வரை புதைகிற மண்ணில் ஒரு விதை நாலு அங்குலம் உள்ளே போகும், இன்னொன்று மேலேயே நிற்கும். ஒன்று முளைத்து ஒரு வாரம் கழித்து இன்னொன்று முளைத்தால் வெட்டுகிற பருவமும் கலைந்துவிடும். கட்டியை உடைத்து, பரம்புப் பலகையை இழுத்து, கால் லேசாக மட்டும் பதிகிற அளவுக்கு இறுக்கிக்கொள்ளுங்கள்.

காற்று எழும்பும் முன் காலையிலேயே தூவ வேண்டும். விதையை இரண்டு பங்காக்கி, ஒன்றைச் சரிவுக்குக் குறுக்கே நடந்தும், மற்றதை மேலிருந்து கீழே இறங்கியும் வீசுங்கள். நடுவில் ஒரு இடத்தில் உட்கார்ந்து ஓரடிக்கு ஓரடி சதுரம் கீறி எண்ணுங்கள். 30 விதைக்குப் பக்கத்தில் இருந்தால் சரி.

அப்புறம் மூடுவது. இரும்பு ரேக் இருந்தால் போதும். இல்லையென்றால் முள் கொப்புகளைச் சேர்த்துக் கட்டி, மேலே ஒரு கல்லை வைத்து இழுங்கள். எதை இழுத்தாலும் சரிவுக்குக் குறுக்கேதான் இழுக்க வேண்டும். மேலிருந்து கீழே இழுத்தால் ஒவ்வொரு கீறலும் மழைத் தண்ணீர் ஓடும் வாய்க்காலாகிவிடும். மூடியதும் அங்கங்கே மண்ணைக் கிளறிப் பாருங்கள். விதை ஒன்று, ஒன்றரை அங்குலத்தில் இருக்க வேண்டும். ஆள்காட்டி விரலின் முதல் கணுவோ அதற்குச் சற்று மேலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு அங்குலத்தைத் தாண்டினால் முளை களைத்து வரும். கடைசியாகப் பலகையைப் போட்டு மிதித்து நகர்த்துங்கள், விதையோடு மண் ஒட்ட வேண்டும்.

இதைப் புரட்டாசி பாதிக்குள் முடித்துவிடுங்கள். ஐப்பசி அடைமழை வரும்போது பயிர் வேர் பிடித்திருந்தால் மண்ணை அதுவே காப்பாற்றும். பூண்டுக்குப் போட்ட எரு மிச்சம் இருக்கும், அதனால் யூரியாவில் கை நீட்டாதீர்கள், பயிர் சாய்ந்துவிடும்.

எங்கள் பக்கம் ஓட்ஸுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1961-இல் நீலகிரியில் கண்டுபிடித்த, உருளைச் செடியின் வேரைத் தாக்கும் நூற்புழு இன்னும் எங்களை விடவில்லை. ஓட்ஸ் வேரில் அந்தப் புழு பிழைக்காது. உருளைக்குப் பின்னால் உருளையே போடுகிற தோட்டங்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

மன்னவனூர் மந்தை:
மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி மையம் உங்களுக்குப் பக்கம்தானே, ஒரு நடை போய் விசாரியுங்கள். அப்புறம், கதிர் வரும் சமயம் காட்டுமாடு இறங்கும். வீட்டுக்கு ஒட்டிய படியில் போடுவது நல்லது.

கவுஞ்சித் தோட்டம்:
ரொம்ப நன்றி அக்கா. ரேக் இருக்கிறது. பலகைக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டு ஆடுகளை ஓட்டி மிதிக்க விடலாமா? காய வைப்பது பற்றியும் சொல்லுங்கள்.

எப்பநாட்டு அக்கா:
மண் காய்ந்திருந்தால், ரேக் போட்ட பிறகு ஒரு சுற்று ஓட்டலாம். ஈர மண்ணில் வேண்டாம் தம்பி, குளம்புக் குழியில் விதை ஆழமாகப் போய்த் தண்ணீரும் தேங்கும்.

காய வைக்கத் தை மாத வெயில்தான் தோது. கதிரில் பால் பிடிக்கும்போது, பனி உலர்ந்த பிறகு வெட்டி மெல்லிசாகப் பரப்புங்கள். மதியம் புரட்டிவிடுங்கள். சாயந்திரம் பனி விழும் முன் குவித்து மூடி, மறுநாள் மறுபடி பரப்ப வேண்டும். இலை சரசரத்ததும் காய்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம், ஈரம் தண்டின் கணுவில் நிற்கும். நகத்தால் கணுவை அழுத்துங்கள். பச்சைச் சாறு கசிந்தால் இன்னும் காய வேண்டும். அந்த ஈரத்தோடு போர் போட்டால் உள்ளே சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும், பூஞ்சணம் பிடித்ததைச் சினை மாட்டுக்குக் காட்டவே கூடாது. வெயில் வரவில்லையென்றால் காய வைக்கும் யோசனையை விட்டுவிட்டு, நறுக்கிக் காற்றுப் புகாமல் அழுத்தி ஊறுகாய்ப்புல்லாகப் போட்டுவிடுங்கள்.