மகள் பார்த்த ஹானா மொன்டானா படம்: பிள்ளைகளுக்கு இது நல்லதா, கெட்டதா?

நோர்வூட் அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். மலையகத்தில நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில பிள்ளைக் காம்பராவில, வேலைக்குப் போறவங்களோட சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கிற இடத்தில, வேலை செய்றேன். மூத்த மகளுக்கு 13 வயசு, எட்டாம் வகுப்பு, ஹட்டன் டவுன்ல படிக்கிறா. லீவுக்குக் கொழும்பிலிருந்து வந்த என் தம்பி மகள் பென்டிரைவ்ல ஹானா மொன்டானா படத்தைக் கொண்டு வந்திச்சி. 2009ல வந்த படம். கீழே சிங்கள எழுத்து ஓடுது. இவ ஒரே கிழமையில நாலு தரம் பார்த்திட்டா. நானும் ஒரு தரம் முழுசா உட்கார்ந்து பார்த்தேன். ஏன்னு சொல்றேன்.

பார்க்காதவங்களுக்குக் கதை இதுதான். மைலின்னு ஒரு பிள்ளை. மஞ்சள் முடி விக் போட்டா ஹானா மொன்டானா, உலகமே கொண்டாடுற பாட்டுக்காரி. விக்கைக் கழட்டினா சாதாரண பள்ளிக்கூடப் பிள்ளை. அந்த ரகசியம் வீட்டாருக்கும் ரொம்ப நெருங்கினவங்களுக்கும்தான் தெரியும். புகழ் தலைக்கேறி, கடையில ஒரு சோடி சப்பாத்துக்கு இன்னொருத்தியோட சண்டை போடுறா. சிநேகிதியோட பிறந்தநாள் விருந்துக்கு ஹானாவாவே போய் நின்னு, அந்தப் பிள்ளையோட நாளைக் கெடுத்துடுறா. தகப்பன் பொறுக்க முடியாம, நியூயோர்க்குக்குப் போறதா அவ நினைச்சிட்டிருக்க, டென்னசியில இருக்கிற சொந்த ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடுறார். அங்க பாட்டி, குதிரை, கோழிக்கூடு. கடைசியில ஊர்க்காரங்க முன்னாடி மேடையில விக்கைக் கழட்டி, நான்தான் அவன்னு சொல்றா.

எனக்கும் பிடிச்சிச்சி. கண்ணு கலங்கிச்சி. ஆனா மூணு கிழமைக்கு முன்னாடி நடந்ததைச் சொல்லணும். அன்னைக்கு நல்ல மழை. கூடப் படிக்கிற பிள்ளையோட அம்மா காரில இந்தப் பக்கம் வந்தாங்களாம், மகளையும் ஏத்திட்டு வந்திருக்காங்க. நாங்க இருக்கிறது லயம், தோட்டத் தொழிலாளிங்களோட வரிசை வீடு. லயத்து வாசல் வரைக்கும் கொண்டு விடுறேன்னு சொன்னவங்களை வேணாம்னுட்டு, மெயின் ரோட்டுச் சந்தியிலேயே இறங்கியிருக்கா. அங்க நல்ல வீடு நாலைஞ்சு இருக்கு. அதில ஒண்ணைக் காட்டி இதுதான் எங்க வீடுன்னு சொல்லிட்டு, கார் போற வரைக்கும் அந்தக் கேட் பக்கத்தில நின்னிருக்கா. பிறகு ரெண்டு கிலோமீட்டர் மழையில நடந்து வந்தா. கொப்பியெல்லாம் ஊறிப்போச்சி, காலில அட்டை. உப்புத் தடவி எடுத்துக்கிட்டே ஏன்டின்னு கேட்டேன். "அவங்களுக்கு லயம் தெரிய வேணாம்மா. ஹானாவும் அப்படித்தானே, ரெண்டு பக்கமும் வச்சிக்கிறா"ன்னு சொன்னா.

அதுக்குப் பிறகுதான் நான் படத்தைப் பார்த்தேன். பொய் சொல்லி வாழலாம்னு பிள்ளைக்கு இந்தப் படம் சொல்லிக் குடுக்குதா? இல்ல வீட்டை மறக்காதேன்னு சொல்லுதா? மத்தப் பெத்தவங்க எப்படிப் பார்க்கிறீங்க? பென்டிரைவை வாங்கி வச்சிடலாமான்னு யோசிக்கிறேன்.

பண்டாரவளை தங்கச்சி:

அக்கா, தயவுசெய்து வாங்கி வைக்காதீங்க. எனக்கு இப்ப 24. படத்துக்கு முந்தியே டிவியில வந்த ஹானா மொன்டானா தொடரையும் இந்தப் படத்தையும் பார்த்து வளர்ந்தவ நான், எங்க வீடும் லயம்தான்.

மைலி விக் போடுறது வெட்கத்தில இல்ல. அவளுக்குச் சாதாரணமா வாழ ஆசை. பள்ளிக்கூடத்தில எல்லாரையும் மாதிரி இருக்கணும், சிநேகிதியோட சண்டை போட்டுச் சமாதானம் ஆகணும். அவ மறைக்கிறது புகழைத்தான். பாட்டி வீட்டையோ தகப்பனையோ மறைக்கல. நம்ம பிள்ளைங்க மறைக்கிறது வீட்டை. ரெண்டும் ஒண்ணாத் தெரியும், ஆனா திசை வேற. இதை மகள்கிட்ட நேரடியாச் சொல்லிப் பாருங்க. 13 வயசுப் பிள்ளைக்கு வெளங்கும்.

நான் மறக்காத இடம் அந்தக் கோழிக்கூடுதான். அவ்வளவு பெரிய பாட்டுக்காரி சுத்தியலைப் பிடிச்சிக் கூட்டைச் சரி பண்றா, மேலெல்லாம் அழுக்கு. அதைப் பார்த்த அன்னைக்கு நான் எங்க அம்மாவோட தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனேன், பொழுதுபோக்குக்காக இல்ல, நிஜமாவே. ஒரு பகல்தான். கைவிரல் வெடிச்சிப்போச்சி. அம்மா என் இடுப்பில படங்குத் துணியைக் கட்டிவிட்ட விதம் இன்னைக்கும் ஞாபகம் இருக்கு. அதனால இந்தப் படம் கெட்டதுன்னு யாரும் சொன்னா எனக்குத் தாங்காது.

பூண்டுலோயா அப்பா:

எல்லாம் சரி. அதில நடிச்ச மைலி சைரஸ் 2013க்குப் பிறகு எப்படி மேடையில ஆடினாங்கன்னு தேடிப் பாருங்க. படம் பிடிச்ச பிள்ளை அந்தப் பேரைத்தான் போன்ல தேடும். வர்றது எல்லாம் 13 வயசுக்கு உரியதா? பென்டிரைவை விட அந்தப் போனைத்தான் நான் வாங்கி வைப்பேன்.

பண்டாரவளை தங்கச்சி:

அண்ணன், போன் விஷயத்தில உங்க பயம் எனக்குப் புரியுது. ஆனா அக்கா கேட்டது படத்தைப் பற்றி. அமெரிக்காவில எல்லா வயசுப் பிள்ளைகளும் பார்க்கலாம்னு தரம் குடுத்த படம் அது. மைலி சைரஸ் பிறந்தது 1992 நவம்பரில. தொடர் 2006 மார்ச்சில தொடங்கினப்ப 13 வயசு, அக்காவோட மகள் வயசு. 2011 ஜனவரியில முடிஞ்சப்ப 18. அந்த அஞ்சு வருஷமும் ஒரு பிள்ளை அடுத்தவங்க எழுதின மாதிரியே சிரிச்சி, பேசி, உடுத்தி வளர்ந்திருக்கு. பிறகு அது எப்படிப் போச்சின்னு நாம தீர்ப்புச் சொல்றது சரியில்ல.

தலவாக்கலை வாசகர்:

எனக்குப் படத்தில உறுத்தினது வேற. அந்த ஊர்ப் புல்வெளியில ஒருத்தன் கடைத்தொகுதி கட்டப் பார்க்கிறான். ஊர்ச்சனம் காசு சேர்க்குது, போதல. ஹானா வந்து ஒரு கச்சேரி நடத்தினா காசு சேர்ந்திடும்னு எல்லாரும் நம்புறாங்க. பிள்ளைகள் இதில எடுத்துக்கிறது என்ன? யாரோ ஒரு பெரிய ஆள் வெளியிலிருந்து வந்து காப்பாத்துவாங்கன்னுதானே?

எங்க டவுன்ல இருந்து ஹட்டன் போற ரோட்டில சென் கிளேயர் அருவி தெரியும். முந்தி எப்படி விழுந்திச்சின்னு என் மகனுக்குச் சொன்னா நம்ப மாட்டான். 150 மெகாவோட் மின்சாரத்துக்காக மேல் கொத்மலைத் திட்டம் வந்திச்சி, 2012ல திறந்தாங்க. ஆத்துத் தண்ணி குழாய்க்குள்ள போயிடுச்சி. எத்தனையோ பேர் எதிர்த்து நின்னாங்க, கூட்டம் போட்டாங்க. எந்தப் பாட்டுக்காரியும் வந்து நிறுத்தல. மின்சாரமும் வேணும்தான், அதை நான் மறுக்கல. ஆனா ஊரைக் காப்பாத்துறது ஒரு ராத்திரிக் கச்சேரியில முடியிற காரியம்னு பிள்ளை நினைச்சிடக் கூடாது. அந்த ஊர்ச்சனம் முதல்ல தாங்களே ஒண்ணாக் கூடினாங்களே, அந்தப் பகுதியைத்தான் நான் மகனுக்கு ரெண்டாந் தரம் போட்டுக் காட்டுவேன்.

மஸ்கெலியாக்காரன், இப்ப கொழும்பு:

நோர்வூட் அக்கா, நீங்க எழுதினதை மூணு தரம் வாசிச்சேன். படத்தைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. உங்க மகள் கேட் பக்கத்தில நின்னதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

எங்க லயத்துக்கு விலாசம் கிடையாது. உங்க தோட்டத்திலேயும் அப்படித்தான் இருக்கும். தோட்டத்துப் பேர், டிவிசன், அவ்வளவுதான். எல்லாக் கடுதாசியும் தோட்டத்து ஆபீசுக்கு வரும், அங்கிருந்து தப்பால்காரர் கொண்டு வரணும். உயர்தரம் முடிச்ச வருஷம் எனக்கு ஒரு நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்திச்சி. என் கைக்குக் கிடைச்சப்ப நேர்முகம் முடிஞ்சு ஒன்பது நாள். அம்மா அந்தக் கடிதத்தைச் சாமிப்படத்துக்குப் பின்னாலேயே வச்சிருந்தாங்க, ஏன்னு கேட்க எனக்குத் தைரியம் வரல. அன்னையிலிருந்து எங்கே விலாசம் கேட்டாலும் ஹட்டன் டவுன்ல எங்களுக்குத் தெரிஞ்ச பலசரக்குக் கடை விலாசத்தைக் குடுத்தேன். கடைக்காரர் நல்ல மனுஷன், கடிதத்தைக் கணக்குக் கொப்பிக்குள்ள வச்சிருப்பார்.

2006ல கொழும்பு புறக்கோட்டையில ஒரு புடவைக் கடைக்கு வேலைக்கு வந்தேன். ஊர் எதுன்னு கேட்டா ஹட்டன். ஹட்டன்ல எங்கன்னா டவுன்தான். முதல்ல தபாலுக்காகச் சொன்ன பொய் அது. பிறகு தபாலே வராத இடத்திலயும் வாய் அதையே சொன்னிச்சி. கட்டின மனைவிக்கே கல்யாணம் பேசி முடிச்ச பிறகுதான் லயம்னு தெரியும். அவ ஒண்ணும் சொல்லல. நான்தான் அன்னைக்கு ராத்திரி தூங்கல.

அதனால உங்ககிட்ட ஒண்ணு கேட்கிறேன், தப்பா எடுக்காதீங்க. மகளை டவுன் பள்ளிக்கூடத்தில சேர்த்தப்ப நீங்க எந்த விலாசத்தைக் குடுத்தீங்க?

நோர்வூட் அம்மா:

தம்பி, நேத்து ராத்திரி உங்க கேள்வியைப் பார்த்திட்டுப் போனை மூடி வச்சிட்டேன். இன்னைக்கு எழுதுறேன்.

என் வீட்டுக்காரரோட தங்கச்சி வீட்டு விலாசம். முதலாம் வகுப்புக்குச் சேர்த்தப்ப அதைத்தான் குடுத்தோம். தோட்டத்தைப் போட்டா இடம் கிடைக்காதுன்னு எல்லாரும் சொன்னாங்க. கிழமை நாள்ல அங்கதான் தங்கிப் படிச்சா, அதனால முழுப் பொய்யும் இல்லன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். போன வருஷம் அத்தை குடும்பம் கொழும்புக்குப் போயிட்டாங்க. அதிலிருந்துதான் தோட்டத்திலிருந்து பஸ்ல போறா.

அஞ்சு வயசுப் பிள்ளையை மடியில வச்சிக்கிட்டு, தலையை வாரிவிட்டுக்கிட்டே சொல்லிக் குடுத்தேன். "டீச்சர் வீடு எங்கன்னு கேட்டா அத்தை வீட்டைச் சொல்லு. தோட்டம்னு சொல்லிடாத." அவ மறந்திடக் கூடாதுன்னு பத்துத் தரம் திருப்பிச் சொல்ல வச்சேன். எட்டு வருஷமா அவ மறக்கல. அந்தக் கேட் பக்கத்தில அவளை நிக்க வச்சது படம் இல்ல தம்பி, நான்.

அதோட படத்தை நேத்து ராத்திரி திரும்பப் பார்த்தேன். மேடையில மைலி விக்கைக் கழட்டின பிறகு நடக்கிறதை முதல் தரம் நான் சரியாக் கவனிக்கல. அவ மறைக்காம இருக்கத் தயாராத்தான் நிக்கிறா. கூட்டத்தில இருக்கிற பிள்ளைதான் கேட்குது, திரும்ப ஹானாவா இரு, நாங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்னு. ஊரே சேர்ந்து சரிங்குது. அவ விக்கை எடுத்து மறுபடி போட்டுக்கிறா. எல்லாரும் கைதட்டுறாங்க. அன்பாலதான் சொல்றாங்க, அதில சந்தேகமே இல்ல. நானும் அன்பாலதான் சொல்லிக் குடுத்தேன். என்னால அந்த இடத்தைத் தாண்டிப் பார்க்க முடியல.

பண்டாரவளை தங்கச்சி:

அக்கா, அந்த முடிவை நான் சின்ன வயசில ரொம்ப ரசிச்சேன். ரகசியம் காக்கிற ஊர் எவ்வளவு நல்ல ஊர்னு நினைச்சேன். நீங்க சொன்ன பிறகு யோசிக்கிறேன், அவ கழட்டினதோட படம் முடிஞ்சிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும். என் முதல் பதிலை நான் மாத்திக்கல, படம் நல்ல படம்தான். ஆனா மகள் அந்தக் கடைசிப் பத்து நிமிஷத்தைப் பார்க்கும்போது நீங்க பக்கத்தில இருங்க.

உங்களைக் குற்றம் சொல்லிக்காதீங்கன்னு எழுதத் தோணுது, ஆனா எழுதல. நீங்க நினைச்சது சரிதான்னு எனக்குப் படுது. மகள்கிட்ட சொல்லிட்டீங்களா?

நோர்வூட் அம்மா:

நேத்து சொல்லிட்டேன். ரொட்டி சுட்டுக்கிட்டு இருந்தேன், அவ அடுப்புப் பக்கத்தில சப்பாத்தைக் காய வச்சிக்கிட்டு இருந்தா. "உனக்கு அந்தப் பொய்யைச் சொல்லிக் குடுத்தது அம்மாதான், அது உன் தப்பில்ல"ன்னு சொன்னேன். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. பிறகு, "அப்ப இனி டீச்சர் கேட்டா என்ன சொல்ல?"ன்னு கேட்டா. தோட்டத்துப் பேரையே சொல்லுன்னேன். "ஏசினா?" ஏசினா நான் வந்து நிக்கிறேன்னு சொன்னேன். வரும்போது எந்தச் சேலை கட்டுவேன்னு கேட்டா. அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்கு இன்னும் தெரியல.

காரில வந்த அம்மாகிட்ட இன்னும் சொல்லல. அவசரப்படுத்தப் போறதில்ல. மழை நாளில குடையோட நான் சந்தி வரைக்கும் போறேன், பிள்ளைக் காம்பரா வேலை முடிஞ்சதும். நடந்து வரும்போதுதான் நிறையக் கதைக்கிறா.

பென்டிரைவ் அவகிட்டயேதான் இருக்கு. அப்பாயிக்கும் படம் காட்டணும்னு நிக்கிறா, அந்தப் பாட்டி நம்ம அப்பாயி மாதிரியே ஏசுதாம். அப்பாயிக்கு இங்கிலீசும் தெரியாது, சிங்கள எழுத்தும் வாசிக்கத் தெரியாது. தமிழ்க் குரலோட இந்தப் படம் யார்கிட்டயாவது இருந்தா சொல்லுங்க. இல்லாட்டி மகளே பக்கத்தில உட்கார்ந்து சொல்லிக் குடுக்கப் போறாளாம்.